வந்தாரைத் தங்கவைத்த ஊர்கள் – 17
பரங்கிப்பேட்டை இரும்பு எங்கே தங்கியது?

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீடுகள் ஹோட்டலான கதையைப் போன வாரம் படித்தீர்கள். தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரம் சிதம்பரம் தேரோடும் வீதிகளைச் சுற்றி எழும்பும் ஏசி விடுதிகளைப் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கிளம்பியும் விட்டேன். வழியில் பி.முட்லூரில் இறங்கிக் கிழக்கே பரங்கிப்பேட்டைக்கு பஸ் ஏறியதுதான் வினை.

ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. வடக்கே புதுச்சேரியில் பழைய மாளிகையில் அறை கிடைக்கிறது. தெற்கே தரங்கம்பாடியில், 1620-ல் எழுந்த டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்திலேயே, வெள்ளைக்காரக் கலெக்டர் இருந்த பங்களாவில் படுத்துறங்கலாம். நடுவில் இருக்கும் பரங்கிப்பேட்டையும் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என்று ஒருவர் விடாமல் பார்த்த ஊர்தான். 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது இங்கேதான். அப்படிப்பட்ட ஊரில் "தங்க எங்கே?" என்றால் கடைக்காரர் சிதம்பரம் பக்கம் கையைக் காட்டுகிறார்.

சுவர் இருந்தால்தானே சித்திரம்? பாரம்பரிய ஹோட்டலுக்கும் அதே விதிதான். இந்த ஊர் தன் பெருமையைச் சுவராக எழுப்பவில்லை, இரும்பாக வார்த்துக் கப்பலேற்றிவிட்டது.

1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, இங்கே இரும்பாலை தொடங்கினார். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. உலைக்கு மரக்கரி. காடு குறையக் குறையக் கரியும் எட்டாக்கனியானது. 1860-களில் உலை அணைந்தது. ஹீத் அதற்கு முன்பே இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கி, ஷெஃபீல்டு ஆலைக்காரர்களோடு வழக்காடியே ஓய்ந்துபோனார். அவர் கதைக்குத் தனித் தொடரே போடலாம். (ஆசிரியர் முறைக்கிறார்.)

என்னை இந்த வாரம் தூங்கவிடாதது வேறு. பரங்கிப்பேட்டை இரும்பு வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணைமீது நிற்கும் இரண்டு பாலங்களுக்கும் போனதாகப் பெருமையாகச் சொல்வார்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மெனாய் தொங்குபாலம் திறந்தது 1826. நம் உலை மூட்டியது 1830. ஆக, ஒரு பாலம் போச்சு! மிச்சம் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலம். ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டியது. பெரிய இரும்புப் பெட்டிகளைக் கோத்தாற்போல் ஒரு குழாய், அதற்குள்ளே ரயில் ஓடும். அங்கே நம் இரும்பு போயிருக்கலாம். ஆண்டுக் கணக்கு இடிக்கவில்லை.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த செய்தி. 1970 மே 23 இரவு, குழாய்க்குள் நுழைந்த பையன்கள் சிலர் தீப்பந்தத்தைத் தவறவிட, பாலம் பற்றிக்கொண்டது. வெந்த குழாய்கள் தொய்ந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு எஃகு வளைவு கொடுத்து மறுபடி கட்டினார்கள். ஒரே ஒரு துண்டு பக்கத்தில் காட்சிப்பொருளாக நிற்கிறது. நூற்றியிருபது வருஷம் தங்கிவிட்டு நம் ஊர் இரும்பு அறையைக் காலி செய்துவிட்டது!

இதை அல்வாக் கடையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். பாய் அசரவில்லை. "லாட்ஜு எதுக்கு தம்பி? சிங்கப்பூரு, சவூதின்னு போன புள்ளைங்க கட்டுன வீடு தெருவுக்குத் தெரு இருக்கு. வருசத்துல ஒரு மாசந்தான் ஆளு. மாடி சும்மாதான் கெடக்கு, படுத்துட்டுப் போங்க" என்றார். முதல்போட வருகிறவர் கண்ணில் இந்த மாடிகள் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தபடி கால் கிலோ அல்வாவோடு பஸ் ஏறினேன்.

சிதம்பரம் சேர இருட்டிவிட்டது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் வந்தவர்கள் சத்திரத்துத் திண்ணையில் துண்டை விரித்த காலம் போய், லாட்ஜ் வந்தது. நமக்கு ஹோட்டல் என்றால் இட்லி, லாட்ஜ் என்றால் பாய் தலையணை. முன்பு நான் தங்கிய அதே கட்டடம், அதே வழுக்கும் படிக்கட்டு. பலகையில் மட்டும் 'ரெசிடென்சி'. "இந்த லாட்ஜில்..." என்று ஆரம்பித்தேன். மேசைக்குப் பின்னாலிருந்த இளைஞர் முகம் சுருங்கிவிட்டது. "சார், இது லாட்ஜ் இல்லை" என்றார்.

பிறகு எது என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் அரைமணி நேரம் நீண்டது. அது அடுத்த வாரம்.