மூன்று நிமிட நாயகன்: அன்றும் இன்றும்

1966 ஜூலை 17, ஞாயிறு மாலை 7 மணி. ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் சிவப்பும் வெள்ளியுமான நாற்பது மீட்டர் மனிதன் ஒருவன் தோன்றி, விண்வெளியிலிருந்து வந்த பெம்லார் என்ற கைஜூவோடு, அதாவது ராட்சத விலங்கோடு, மல்லுக்கு நின்றான். அல்ட்ராமேன் அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. 2013 முதல் ஆண்டுக்கொரு புதிய தொடர் வருகிறது. பார்வைக்கு அதே ஆள்தான். ஆனால் அவனை உருவாக்கும் விதமும், அவன் அடிக்கும் எதிரியும், அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியும் மாறிவிட்டார்கள்.

அன்று அவன் உடம்பு, முக்குளிப்பவர்கள் அணிவதுபோன்ற ரப்பர் உடை. உள்ளே நின்றவர் ஃபுருயா பின் என்ற இளம் நடிகர். உருவத்தை வடிவமைத்தவர் சிற்பி நரிதா டோரு. எல்லோரையும் கூட்டிச் சேர்த்தவர், 1954இல் காட்ஸிலாவின் தந்திரக் காட்சிகளை எடுத்த ட்சுபுராயா எய்ஜி. வாரத்துக்கொரு விலங்கு வேண்டும், கையிருப்போ குறைவு. அதனால் பழைய காட்ஸிலா உடைக்குக் கழுத்தில் ஒரு மடலை ஒட்டி ‘ஜிராஸ்’ என்று களமிறக்கினார்கள். சண்டையின் நடுவே அல்ட்ராமேன் அந்த மடலைப் பிய்த்தெறிய, வந்திருப்பது யாரென்று வெளிச்சமாகிவிட்டது! அவன் குறுக்காக வைக்கும் கைகளிலிருந்து பாயும் ஸ்பேசியம் கதிரை ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் வரைந்தார்கள். பார்த்தவர்கள் விகிதம் சராசரியாக 36 சதவீதத்துக்கும் மேல். இருந்தும் 39 வாரங்களோடு, 1967 ஏப்ரல் 9 அன்று தொடர் நின்றது. வரவேற்பு குறைந்ததால் அல்ல. ஒளிபரப்பு ஓடிய வேகத்துக்குப் படம்பிடித்துத் தர முடியாததால்.

அவன் நெஞ்சில் மினுக்கும் விளக்கும் அந்தத் தட்டுப்பாட்டின் பிள்ளைதான். பூமியில் அவனால் மூன்று நிமிடம்தான் தாக்குப்பிடிக்க முடியும். நேரம் நெருங்கினால் ‘கலர் டைமர்’ நீலத்திலிருந்து சிவப்பாகி மினுக்கும். சண்டை நீண்டால் செலவு நீளும். பல வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் என்பதால் நிறம் மாறினால் மட்டும் போதாது, மினுக்கவும் வேண்டும். விளக்குக்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணங்கள் இவை. நரிதாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் வரைந்த உடம்பில் விளக்கே கிடையாது. குழந்தைகளோ அந்த விளக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மலையைப் புரட்டுகிறவனுக்கும் மூச்சு வாங்கும் என்று அது சொன்னது.

இன்று கணினி எதையும் வரைந்துவிடும். இருந்தாலும் ஆண்டுத் தொடர்களில் இப்போதும் உடைக்குள் ஓர் ஆள் நிற்கிறார். சின்னஞ்சிறு தெருக்களும் கட்டடங்களும் செய்துவைத்து உடைக்கிறார்கள். கணினிக் காட்சிகள் அதற்குத் துணைக்கு வருகின்றன. 2022இல் ஹிகுச்சி ஷிஞ்சி இயக்கி, அன்னோ ஹிடேயாகி எழுதிய ‘ஷின் அல்ட்ராமேன்’ படமோ நாயகனை முழுக்கக் கணினியில் உருவாக்கியது. அதற்கு அசைவு தந்தவர்களில் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அதே ஃபுருயா பின்னும் ஒருவர். நரிதாவின் முதல் எண்ணத்துக்கு மரியாதையாக அந்தப் படத்தில் விளக்கையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் களைப்பை எடுக்கவில்லை: சக்தி குறைந்தால் உடம்பின் சிவப்புக் கோடுகள் பச்சையாகும்.

எதிரி மாறிய கதைதான் இவற்றில் கனமானது. 1966 தொடரின் இரண்டாம் வாரமே வந்தார்கள் பால்டன்கள் என்ற வேற்றுக்கோள்வாசிகள். சொந்தக் கோளை இழந்து, 203 கோடிப் பேர் நுண்ணுருவில் கப்பலில் அடைந்துகிடக்க, பூமியில் இடம் கேட்டார்கள். பேச்சுவார்த்தை முறிந்தது, அல்ட்ராமேன் கப்பலோடு அவர்களை அழித்தான். அகதிகள் என்று யாரும் கண் கலங்கவில்லை. ஆனால் அதே தொடரின் 23ஆம் பகுதியில், ஜிஸ்ஸோஜி அகியோ இயக்கத்தில், ஜமிலா வந்தான். தண்ணீரில்லாத கோளில் சொந்த நாடே கைவிட்ட விண்வெளி வீரன், விலங்காகி, பழிவாங்கத் திரும்பியவன். அல்ட்ராமேன் பீய்ச்சிய தண்ணீரிலேயே அவன் சேற்றில் புரண்டு செத்தான். வெற்றி நாயகனுக்கு, வெட்கம் மனிதர்களுக்கு.

அந்த வித்து முளைக்க நாளாயிற்று. 2001இல் வந்த ‘அல்ட்ராமேன் காஸ்மோஸ்’ முடிந்தவரை கைஜூக்களைக் கொல்லாமல் சாந்தப்படுத்திக் காப்பாற்றினான். 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அல்ட்ராமேன்: ரைசிங்’ அனிமேஷன் படத்திலோ, நாயகன் ஒரு கைஜூக் குஞ்சைத் தானே வளர்க்க வேண்டியிருக்கிறது.

முதலாளி விஷயத்துக்கு வருவோம். ட்சுபுராயா எய்ஜி 1970 ஜனவரியில் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் நிர்வாகம் 2007இல் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. 2010இல் ஃபீல்ட்ஸ் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. இடையில் தாய்லாந்துக் கூட்டாளி ஒருவரோடு ஒரு பெரும் வழக்கு. 1974இல் அங்கே அனுமனும், அல்ட்ராமேன் வரிசை நாயகர்களான அல்ட்ரா சகோதரர்களும் சேர்ந்து சண்டை போடும் படம் ஒன்று கூட்டாக எடுக்கப்பட்டது. அந்தக் கூட்டாளி பிறகு வெளிநாட்டு உரிமை தனக்கே என்று ஓர் ஒப்பந்தத் தாளை நீட்ட, பல நாட்டு நீதிமன்றங்கள் அதை அலசின. அந்தத் தாள் உண்மையானதல்ல என்று அமெரிக்க நீதிமன்றத்தில் முடிவான பிறகுதான் வெளிநாட்டுப் பாதை தெளிந்தது. அன்று ஜப்பானியக் குழந்தைகள் வாரம் முழுக்கக் காத்திருந்தார்கள். இன்று யூட்யூபில் வசனவரிகளோடு பல நாடுகளில் பார்க்கிறார்கள். சீனாவில் 1996ஆம் ஆண்டின் ‘அல்ட்ராமேன் டிகா’ வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்.

பொம்மைகளும் மாறின. அன்று கடையில் விற்றவை மென்மையான வினைல் கைஜூக்கள். இன்று கதையில் மனிதன் நாயகனாக உருமாறப் பயன்படுத்தும் கருவிகளும் பதக்கங்களும் முன்னால் நிற்கின்றன. புதுப் பதக்கம் வர வேண்டிய வாரத்தில் நாயகனுக்குப் புது வடிவம் வந்தாக வேண்டும். அவனை இன்று நெருக்கும் டைமர், விற்பனை அட்டவணைதான்.

அதற்கும் ஒரு பதில் வந்தது. டகுச்சி கியோடகா முன்னின்று எடுத்த 2023ஆம் ஆண்டின் ‘அல்ட்ராமேன் பிளேஸர்’ தொடர், வடிவ மாற்றங்களை வெகுவாகக் குறைத்துக்கொண்டது. அதன் நாயகன் காட்டுவாசிபோலக் கத்துகிறான். அவனாக மாறும் கேப்டனோ ஒரு குழந்தைக்குத் தகப்பன். அன்று கையில் காசில்லாததால் அல்ட்ராமேனுக்கு ஓர் எல்லை வாய்த்தது. இன்று எல்லாம் வாய்த்தபின் அந்த எல்லையைத் தாமாக வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு மனம் வந்த ஆண்டுகளில்தான் தொடர் நன்றாக இருக்கிறது.