உப்புக்காற்றில் ஓடும் சைக்கிள்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லில் ஏறிய உப்பை எடுக்க, தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழை அப்பிக் காயவிடுவார்கள். காய்ந்த கூழோடு உப்பும் வந்துவிடும். ஏறத்தாழ 1,300 ஆண்டு நின்ற கல்லுக்கே இந்தப் பாடு என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் சைக்கிள் எம்மாத்திரம்?

கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை வண்டியைக் கெடுப்பது தூசியைவிட உப்புதான். காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே இல்லாத மே மாதத்திலும் செயின் துருப்பிடிக்கிறது. துணியால் துடைத்தால் உப்பு முழுதாகப் போகாது, தண்ணீரில் கரைந்தால்தான் போகும். ஆனால் துருவைக் கண்டதுமே நம் கை எண்ணெய்ப் புட்டிக்குத்தான் போகிறது. எண்ணெய்க்கு அடியில் உப்பு சொகுசாக உட்கார்ந்து அரிக்கிறது.

ஆகவே முதலில் தண்ணீர், அதுவும் நல்ல தண்ணீர். கடலோரத்தில் பல போர்வெல்கள் உவர்ப்பு. (கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலை 2013இல் தொடங்கியது, நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் திறன். அந்தத் தண்ணீர் போவது சென்னைக்கு!) வாயில் வைக்க முடியாத தண்ணீரால் வண்டியைக் கழுவிப் பயனில்லை. ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். ஹோஸ் பைப்பை வைத்துப் பீய்ச்சினால் ஆக்சிலுக்குள் தண்ணீர் புகுந்து பால்ஸில் இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும்.

செயினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு மிஷின் ஆயில் விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். வழிவதை விட்டுவைத்தால் கடற்கரை மணல் அப்பிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழி விடியலில் உறைந்துவிடும்.

செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். 24 கண்ணியை அளந்தால் 12 அங்குலம் வரவேண்டும். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பிரீவீல் பல்லும் தேய்ந்து செலவு இரட்டிக்கும்.

யாரும் கவனிக்காதது சீட் கம்பி. இரும்பு பிரேமுக்குள் அலுமினியக் கம்பி இருந்து, இடையில் உப்பு ஈரமும் சேர்ந்தால் இரண்டும் இறுகி ஒன்றாகிவிடும். பிறகு கடைக்காரர் சுத்தியல் எடுப்பார், பிரேம் பாழாகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பியை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிச் செருகினால் அந்தச் சிக்கல் வராது.

செங்கல்பட்டு ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்களுக்கு இத்தனை தேவையில்லை. தூசியைத் துடைத்து, பிரேக் கட்டையின் தேய்மானத்தையும் டயரின் காற்றையும் பார்த்துக்கொண்டால் போதும். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் வந்த அன்று மட்டும், குளிக்கப் போகும் முன் அந்த ஒரு வாளியை வண்டிக்கு ஊற்றிவிடுங்கள்.