உங்களுக்குத் தெரியுமா? – வளவும் மனசும்

● பென்சில்வேனியா ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்த 46 பேரில் பாதிப்பேரின் யன்னலுக்கு வெளியே மரங்கள், மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்தவர்கள் முக்கால் நாள் முந்தி வீடு போனார்கள். கடும் வலிநிவாரணிகளும் குறைவாகவே எடுத்தார்கள். ரொஜர் உல்ரிச் இதை 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்.

● முதுகுக்கு மறைப்பு, கண்ணுக்கு வெளி: இரண்டும் உள்ள இடத்தில்தான் மனுசருக்கு நிம்மதி என்றார் புவியியலாளர் ஜே அப்பிள்டன், 1975இல். யாழ்ப்பாணத்து வளவைப் பாருங்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால் நட்ட உயிர்வேலி. உள்ளே கூட்டித் துப்புரவாக்கிய மணல் முற்றம். ஓரத்து வேம்படியில் சாய்மனைக் கதிரை. வேலியால் காற்று வரும், தெருவில் போகிறவரின் பார்வை வராது. வெட்டிய குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும். இப்போது வெளிநாட்டுக் காசில் எழும்புகிற ஏழடி மதில் பார்வையை மறிக்கும், காற்றையும் சேர்த்து மறிக்கும். போதாததற்குப் பகல் வெயிலைக் குடித்து இரவில் கக்கும்.

● தெருவாசலில் நிற்கும் சங்கடப்படலையின் கூரையும் திண்ணையும் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல. களைத்து வரும் வழிப்போக்கர் யாரையும் கேளாமல் இருந்து ஆறலாம்.

● நெதர்லாந்தில் தோட்டக்காரர் 30 பேருக்கு மூளையைக் கசக்கும் வேலையொன்றைக் கொடுத்தார்கள். பிறகு பாதிப்பேர் அரை மணி நேரம் தோட்டம் கொத்த, மீதிப்பேர் உள்ளே இருந்து வாசித்தார்கள். இரு பகுதியாருக்கும் மன அழுத்த ஹோர்மோனான கோர்ட்டிசோல் இறங்கியது. தோட்டத்தில் நின்றவர்களுக்குக் கூடுதலாக. மனநிலை முழுதாகத் தேறியதும் அவர்களுக்கே (2011). ஆகவே பின்னேரம் கிணற்றடித் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டு மண்வெட்டியோடு நிற்கும் அப்புவை “காணும், உள்ள வாங்கோ” என்று கூப்பிடாதீர்கள்.

● சுவீடனில் அல்நார்ப் என்ற இடத்தில், வேலைப்பளுவால் மனம் களைத்தவர்களுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. வந்த புதிதில் அமைதியான மூலையொன்றில் சும்மா இருக்கலாம். நடுகையும் களைபிடுங்கலும் பிறகுதான்.

● போர்க்காலத்தில் பங்கர் மூடப் பனங்குற்றி தேவைப்பட்டு, குடாநாட்டின் பனைகள் எண்ணிக்கையில்லாமல் விழுந்தன. அக்காலத்து மனக்காயங்களைத்தான் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ (1998) நூலில் பதிந்தார்.

● வளவில்லாதவருக்குச் சுண்டுக்குளியில் பழைய பூங்கா இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அரசாங்க அதிபர் டைக்கின் கைவண்ணம்.

● கதியால் வேர்பிடிக்க மாரிதான் நேரம். முதல் மழைக்குப் பிறகு அயலில் கேளுங்கள், கிளுவைத் தடி காசில்லாமலே கிடைக்கும்.