பர்மிட் என்கிற சொத்து: டவுன் பஸ்ஸின் கைமாற்றம் பற்றி

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் சில நேரம் ஒரே திசைக்குப் போகிற இரண்டு பஸ் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று தனியார், பாட்டுப் போட்டுக்கொண்டு, கிளம்பப் போவதாக உறுமிக்கொண்டு. மற்றது அரசாங்கத்தது, முன்பக்கம் ரோஸ் பெயின்ட், டிரைவர் இன்னும் டீக்கடையில். நடவுக்குப் போகிற பெண்கள் முதல் பஸ்ஸில் இடம் கிடந்தும் ஏறுவதில்லை. "ஏறும்மா, எடம் இருக்கு" என்று கண்டக்டர் கூப்பிட்டதற்கு ஒரு அம்மா சொன்னார்: "நீ போப்பா, எங்க பஸ்ஸு வரட்டும்."

எங்க பஸ்ஸு. இந்தச் சொல் எப்படி வந்தது என்று யோசித்ததின் விளைவுதான் இந்தக் கட்டுரை.

ரோடு பொது. ஆனால் அதில் காசு வாங்கி ஆளேற்றுகிற உரிமை ஒரு காகிதத்தில் இருக்கிறது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் தஞ்சாவூர்-புதுக்கோட்டை ரோட்டில் பஸ் விட்டபோது இன்றைய பர்மிட் முறை இல்லை. 1939-இன் மோட்டார் வாகனச் சட்டம்தான் ரூட்டைத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டையும் இன்னாருக்கு என்று எழுதிக் கொடுக்கிற அதிகாரிகளை உண்டாக்கியது. ஆனால் காகிதத்தைக் கொடுப்பவன் நிபந்தனை போடலாம் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். 1920-களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். பஸ்களின் முதலாளிகள் மாறவில்லை. ஏறுகிறவர்கள் யார் என்பது மாறியது. உடைமையைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிவிட்ட நம் இடதுசாரிச் சொல்லாடல் இந்தச் சம்பவத்தைச் சரியாகக் கணக்கில் எடுத்ததில்லை என்றே நினைக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு பர்மிட்டே சொத்தாகிவிட்டது. 1956-இல் சென்னை அரசு ஒரு ஜி.ஓ. போட்டு மார்க் முறை கொண்டுவந்தது: ஒர்க்ஷாப் இருந்தால் இத்தனை, அந்த ரூட்டிலேயே குடியிருந்தால் இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை. பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி. தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த ஜி.ஓ.வை 1964-இல் ராஜகோபால நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. கும்பகோணத்து ராமன் அண்டு ராமன் கம்பெனி இதற்கு முன்பே மெட்ராஸ் அரசோடு உச்ச நீதிமன்றம் வரை மோதியிருக்கிறது. இந்தத் தீர்ப்புகளைப் படித்துப் பார்த்தால் இரண்டு முதலாளிகளும் ஒரு அரசும் பேசிக்கொள்வது கேட்கிறது. வரப்பிலிருந்து ஏறி வந்து கையைக் காட்டுகிறவர் அந்தப் பிரதிகளில் இல்லை. 'பொதுமக்கள் நலன்' என்ற இரண்டு சொல்லுக்குள் அவரை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

பெரிய கைமாற்றம் 1971-72-இல். நிறைய பஸ் வைத்திருந்த கம்பெனிகளைத் தி.மு.க. அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. கும்பகோணத்தைத் தலைமையாகக் கொண்டு 1972 மார்ச் 1 அன்று சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. சின்ன முதலாளிகள் தப்பினார்கள். இன்றும் ஸ்டாண்டில் நிற்பது அந்த வகைதான். எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. நீடாமங்கலத்திலிருந்து வந்த ரயில் பாதையை 1976-இல் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். 2011-இல்தான் ரயில் திரும்பி வந்தது. நடுவில் 35 வருஷம் ஆஸ்பத்திரி, காலேஜ், ஜவுளிக்கடை, கோர்ட் எல்லாவற்றுக்கும் பஸ்தான் கதி. வடுவூர்க்காரருக்கும் கோட்டூர்க்காரருக்கும் 'சோழன்' என்பது ராஜா பெயர் இல்லை, வண்டி பெயர்.

கழகங்கள் 'நஷ்டத்தில் ஓடுகின்றன' என்பது நிரந்தரப் பல்லவி. ராத்திரி கடைசி ட்ரிப் பத்துப் பேரோடு போய் ஊரில் ஹால்ட் ஆகி, விடிகாலையில் பால்காரரையும் கூலியாளையும் ஏற்றி வருகிறதே, அந்த ட்ரிப்பின் பெயர்தான் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம்.

1997-இல் ஓனர் மாறவில்லை, பெயர் மட்டும் போனது. விருதுநகரில் ஆரம்பித்த கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் என்ற தலித் வீரரின் பெயரை வைத்ததும் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். அரசு எல்லாக் கழகங்களின் பெயரையும் ஒட்டுமொத்தமாக நீக்கியது. ஒரு பெயரைத் தாங்கமுடியாத சமூகத்துக்காகச் சேரன், சோழன், பாண்டியன் எல்லாரும் இறங்கிப் போனார்கள். பெயரில்லாத இந்தச் சமத்துவத்தைச் சாதி ஒழிப்பென்று கொண்டாட என்னால் முடியவில்லை.

பஸ் சமூகத்தின் சொத்தா? கர்நாடகத்துப் பஸ்களை அரசு எடுத்த வழக்கில் (ரங்கநாத ரெட்டி, 1977) நீதிபதி கிருஷ்ணய்யர், தனியார் கையில் இருப்பதும் சமூகத்தின் பொருள் வளமே என்று எழுதினார். சிறுபான்மைத் தீர்ப்புதான், ஆனாலும் பல காலம் வழிகாட்டியது. அந்தப் பார்வை அளவுக்கு மீறி விரிந்தது என்று 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை ஒதுக்கிவிட்டது. இனி ஒருவரின் பஸ்ஸை அரசு எடுத்துக்கொள்ளும் காலம் வரும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் நிபந்தனை முக்கியமாகிறது.

2021 மே 8 முதல் அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 'எங்க பஸ்ஸு' என்ற சொல் வந்த இடம் இதுதான். 1972-இன் தேசியமயம் கொடுக்காத உடைமையுணர்வை ஒரு கட்டணமில்லாச் சீட்டு கொடுத்திருக்கிறது. 2022-இல் ஒரு அமைச்சரே மேடையில் 'ஓசி' என்று சொல்லப்போய், அதற்கு எழுந்த கோபத்தைப் பார்த்தோம். இனாம் வாங்குகிறவரின் கோபமாக அது இல்லை.

2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். ரூட் 25 கிலோமீட்டருக்குள்; அதில் 65 சதவீதமாவது பஸ் போகாத பாதை. ஓட்டுவது தனியார், டிக்கெட் உண்டு. பஸ்ஸே பார்க்காத தெருவுக்கு வண்டி வருவதை வேண்டாம் என்று எவன் சொல்வான்? ஆனால் கழகம் போகாத கடைசித் தெருவில் குடியிருப்பவர் யார்? பெரும்பாலும் சேரிக்காரர், கூலிக்காரர். மெயின் ரோட்டில் இருக்கிற பெண்ணுக்குச் சும்மா, அதற்கு அப்பால் உள்ளே இருக்கிற பெண்ணுக்குக் காசு.

தனியார் என்றாலே வேறு வழியில்லையா? அதே மாதக் கடைசியில் சென்னையில் மின்சார பஸ் விட்டார்கள். வண்டியும் டிரைவரும் கம்பெனியுடையது, கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்து ஆள். கொல்லைப்புறத் தனியார்மயம் என்று தொழிற்சங்கங்கள் சொன்னது எனக்கும் சரியென்றே படுகிறது. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் பெண்களின் கட்டணமில்லாப் பயணம் போகவில்லை. ஒப்பந்தத்தில் எழுதினார்கள், இருக்கிறது. தலைநகரத்துக் கம்பெனிக்குப் போடமுடிந்த நிபந்தனையை, அரசு காசு கொடுத்து ஈடுகட்டி, மினி பஸ் பர்மிட்டிலும் போடலாம். இதைக் கலெக்டரிடமும் ஆர்.டி.ஓ.விடமும் மனுவாகக் கொடுக்க வேண்டும். எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு, காலை எத்தனை மணிக்கு என்பதை நடவுக்குப் போகிற பெண்களையே கேட்டு எழுத வேண்டும்.