நரம்பு வளர்ச்சிக் காரணியும் உயிரணுப் பாதுகாப்பும்

நரம்பு வளர்ச்சிக் காரணி என்பது சில வகை நரம்பணுக்கள் வளரவும் உயிரோடு இருக்கவும் தேவைப்படும் ஒரு புரதமாகும். வளரும் கருவில் இது கிடைக்காத நரம்பணுக்கள் திட்டமிட்ட உயிரணு இறப்பின் மூலம் மடிகின்றன. வளர்ச்சிக் காரணிகள் உயிரணுக்களை இறப்பிலிருந்து காப்பதற்கு இப்புரதம் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

கண்டுபிடிப்பு

இத்தாலியரான ரீட்டா லெவி-மொண்டால்சினி, அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் விக்டர் ஆம்பர்கருடன் இணைந்து கோழிக்கருக்களை ஆராய்ந்தார். சுண்டெலியின் புற்றுக்கட்டியைக் கருவில் ஒட்டியபோது, நரம்பிழைகள் கட்டிக்குள் மிகுதியாக வளர்ந்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் சுரக்கிறது என அவர் முடிவு செய்தார். 1950களில் இசுடான்லி கோகென் அப்புரதத்தைப் பாம்பு நஞ்சிலிருந்தும், ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் பிரித்தெடுத்தார். இருவருக்கும் 1986இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு இக்காரணியை முடக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது, அவற்றின் பரிவு நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிந்தன. 1988இல் மற்றோர் உண்மை தெரியவந்தது. காரணி இல்லாத வளர்ப்புக் கரைசலிலும், புதிய புரதங்கள் உருவாவதைத் தடுத்தால் நரம்பணுக்கள் சாகவில்லை. எனவே இவ்விறப்பு பட்டினியால் நேரும் சிதைவன்று. உயிரணு தானே நடத்தும் செயல் என்பது தெளிவானது.

செயல்படும் விதம்

காரணியானது உயிரணுப் படலத்திலுள்ள டிரக்-ஏ என்னும் ஏற்பியுடன் இணைகிறது. அதனால் உள்ளே பிஐ3 கைனேசு என்னும் நொதியும், அதன் வழியாக ஏகேடி நொதியும் தூண்டப்படுகின்றன. ஏகேடி நொதி, இறப்பைத் தூண்டும் 'பேட்' புரதத்துடன் பாசுபேட்டைச் சேர்த்து அதனை முடக்குகிறது. இறப்புக்கான மரபணுக்களை இயக்கும் ஃபாக்சோ புரதங்களையும் உட்கருவுக்கு வெளியே நிறுத்துகிறது.

காரணி கிடைக்காதபோது இத்தடைகள் விலகுகின்றன. 'பேக்சு' புரதம் இழைமணியின் வெளிப்படலத்தில் துளையிடுகிறது. கசியும் சைட்டோகுரோம் சி, காசுபேசு நொதிகளைத் தூண்ட, அவை உயிரணுவின் புரதங்களைத் துண்டாக்குகின்றன.

முக்கியத்துவம்

கருவில் நரம்பணுக்கள் தேவைக்கு அதிகமாகவே உருவாகின்றன. இலக்குத் திசுக்களோ காரணியைச் சிறிதளவே சுரக்கின்றன. அதைப் பெற்றவை மட்டும் எஞ்சுவதால், நரம்பணுக்களின் எண்ணிக்கை திசுவின் அளவுக்கு ஏற்ப அமைகிறது.

இதே பாதுகாப்பு வழி எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தால் தீங்கு விளையும். பல புற்றுநோய்களில், பிஐ3 கைனேசின் செயலைக் கட்டுப்படுத்தும் பிடென் புரதம் இழக்கப்படுகிறது. சாக வேண்டிய உயிரணுக்கள் பிழைத்துப் பெருகுகின்றன. எனவே பிஐ3 கைனேசைத் தடுக்கும் மருந்துகள் சில புற்றுநோய்களுக்குப் பயன்படுகின்றன. மாறாக, கருவிழியின் நரம்புகள் பழுதடையும் நோய்க்கு, இக்காரணியே செனெகெர்மின் என்னும் கண் சொட்டு மருந்தாக அளிக்கப்படுகிறது.