அறிவித்தல் அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்திருங்கள்

நீங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உங்கள் அனுமதியுடன் வீட்டில் குடியிருந்தவர், நீங்கள் திரும்பி வந்த பின்னரும் வெளியேற மறுக்கலாம். அப்படியானால் வழக்குத் தொடர முன்னர், குறித்த திகதிக்குள் வெளியேறுமாறு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். பின்னர் அவர் நீதிமன்றத்தில், "எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை" என்று சொன்னால், உங்களிடமுள்ள பத்திரங்களே உங்களுக்குத் துணை.

• அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதத்திலும் உறையிலும் பெயரும் விலாசமும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

• தபாற் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியுடன் இணைத்து வையுங்கள். மை மங்கிவிடும், உடனே போட்டோப் பிரதி எடுங்கள்.

• கடிதம் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்க வேண்டாம். அதுவும் ஒரு சான்று.

• நேரில் கொடுத்தால் சாட்சி ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பிரதியில் பெற்றவரின் கையொப்பத்தையும் திகதியையும் வாங்குங்கள். மறுத்தால் வாக்குவாதப்பட வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சரியான விலாசமிட்டுத் தபாலில் சேர்த்த கடிதம் வழமைபோல உரியவரைச் சென்றடைந்தது என நீதிமன்றம் ஊகிக்க, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனினும், கிடைக்கவில்லை என எதிராளி நிரூபிக்க முயலலாம். கடிதத்தைத் தபாலில் சேர்த்ததை முதலில் நீங்களே காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிறிய பற்றுச்சீட்டு.

அனுப்பு முன்னர் கடிதத்தைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். கட்டணம் செலுத்த வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மூலப் பத்திரங்களை வழக்கு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.