சலவை இயந்திரமும் அலசும் நீரும்

நம் வெள்ளைச் சீருடையின் வெண்மையைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தோழியர் அனைவரும் அறிவர். (அருட்சகோதரியரின் வெள்ளுடை மட்டும் ஆண்டு முழுவதும் எப்படித்தான் அப்படியே இருக்கிறதோ!) எங்கள் வீட்டில், மேலே மூடியைத் திறந்து துணி போடும் சலவை இயந்திரம் ஒன்று உண்டு. வாங்கிய இரண்டாம் ஆண்டிலேயே எங்கள் சட்டைகள் பழுப்பேறத் தொடங்கின. துண்டுகள் அட்டைபோல் விறைத்தன. அம்மா சலவைத்தூளை ஒரு கரண்டியிலிருந்து இரண்டாக்கினார், பின்பு மூன்றாக்கினார். சட்டை வெளுக்கவில்லை. தம்பிக்குக் கழுத்திலும் இடுப்பிலும் அரிப்புத்தான் வந்தது. களிம்பு தடவினால் இரண்டு நாள் அடங்கும், மறுபடியும் வரும். மருத்துவர் கேட்ட முதற் கேள்வியே, "துணியில் சோப்பு முழுவதும் போகிறதா?" என்பதுதான். "இயந்திரம்தானே அலசுகிறது" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அன்று மாலை பாட்டி ஒரு சோதனை செய்து காட்டினார். துவைத்துக் காய்ந்து மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றை ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டு, கையால் நான்கு முறை கும்மினார். வாளி நிறைய நுரை! தண்ணீரும் கஞ்சிபோல் கலங்கிவிட்டது. "ஆற்றில் துவைத்தால் ஓடுகிற தண்ணீர் சோப்பைக் கொண்டு போய்விடும். உங்கள் பெட்டிக்குள் அது எங்கே போகும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய விடையே இக்கட்டுரை.

அலசுதல் என்பது உண்மையில் ஒரு வகுத்தல் கணக்கு. துவைத்த நீர் வடிந்து, இயந்திரம் சுற்றிப் பிழிந்த பின்னும் துணிகள் 3 லிட்டர் சோப்புநீரைப் பிடித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 27 லிட்டர் புதுநீர் சேர்த்தால் மொத்தம் 30 லிட்டர். அதை வடித்துப் பிழிந்ததும் மறுபடி 3 லிட்டர் தங்கும். எனவே சோப்பில் பத்தில் ஒரு பங்கு துணியிலேயே நிற்கிறது. இன்னொரு முறை 27 லிட்டரில் அலசினால் நூறில் ஒரு பங்குதான் நிற்கும். அதே 54 லிட்டரையும் ஒரே தடவையாக ஊற்றி அலசினாலோ, பத்தொன்பதில் ஒரு பங்கு நின்றுவிடும்! தண்ணீரின் அளவு ஒன்றுதான். இரண்டாகப் பிரித்ததில்தான் இத்தனை வேறுபாடு.

இடையில் பிழிவதும் முக்கியம். பிழியாமல் விட்டுத் துணியில் 9 லிட்டர் தங்கினால், 27 லிட்டர் வீதம் இருமுறை அலசியும் பதினாறில் ஒரு பங்கு சோப்பு எஞ்சுகிறது. இரண்டு தொட்டி இயந்திரம் வைத்திருப்போர் சோப்புத் துணியை அப்படியே அலசும் நீரில் போடுவதுண்டு. முதலில் பிழியும் தொட்டியில் ஒரு நிமிடம் சுற்றிவிட்டுப் பின்பு அலசினால் பலன் தெரியும்.

அப்படியானால் மூன்று, நான்கு முறை அலசலாமே என்பீர்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் எங்கள் தெருவில் அது நடவாது. தண்ணீர் செலவின்றிச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: சலவைத்தூளைக் குறைப்பது. நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அழுக்கை எடுப்பது நீரில் கரைந்துள்ள சலவைப் பொருளே, நுரை அன்று. நுரை பெருகினால் துணிகள் ஒன்றோடொன்று உராய்வது குறைகிறது. அலசும்போதும் நுரை எளிதில் வெளியேறுவதில்லை. நாங்கள் மூன்று கரண்டியை விட்டுப் பொட்டலத்தில் அச்சிட்ட அளவுக்குத் திரும்பினோம். அம்மாவை இதற்குச் சம்மதிக்க வைத்ததுதான் இந்த ஆராய்ச்சியிலேயே பெரிய வேலை.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒரு காரணம். கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீரைக் கடின நீர் என்று பாடத்தில் படிக்கிறோம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கலாம் என்றும், வேறு வழியில்லாவிடில் 600 வரை ஏற்கலாம் என்றும் 2012ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. சலவைத்தூளில் உள்ள சலவைச் சோடா, கடின நீரின் கால்சியத்தைச் சுண்ணாம்புப் பொடியாக மாற்றி நூலிழைகளில் படியச் செய்கிறது. துண்டு விறைப்பதும் வெள்ளை மங்குவதும் இதனால்தான். துணியை மென்மையாக்கும் திரவம் இழைமேல் ஒரு பூச்சாகப் படியுமே தவிர, இந்தப் படிவை நீக்காது.

இனி இயந்திரத்தின் உள்ளே பார்ப்போம். பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து, அடியில் சுழலும் தட்டின் திருகைக் கழற்றித் தூக்கினார். அதன் கீழே வழுவழுப்பான சாம்பல் நிறச் சேறு, இரண்டு கொண்டை ஊசிகள், ஒரு சட்டைப் பொத்தான், ஒரு ரூபாய் நாணயம்! உள்ளே தொட்டிகள் இரண்டு உண்டு. நாம் காண்பது துளைகள் உள்ள உள்தொட்டி. நீரைத் தாங்குவது அதைச் சுற்றியுள்ள வெளித்தொட்டி. இரண்டிற்கும் இடையில் சோப்பும் பஞ்சும் உப்புப் படிவும் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்கிறது. துவைத்த துணி நாறுவதும், வெள்ளைச் சட்டையில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டுவதும் இங்கிருந்துதான். அழுக்கான தொட்டியில் எத்தனை முறை அலசினால் என்ன?

இப்போது மாதம் ஒருமுறை, துணி எதுவும் போடாமல் இரண்டு வாளி வெந்நீரும் 100 கிராம் சிட்ரிக் அமிலத் தூளும் இட்டு, மீதி நீரை நிரப்பிப் பத்து நிமிடம் ஓட்டி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு வடிக்கிறோம். பின்பு வெறும் நீரில் இருமுறை ஓட்டுகிறோம். உங்கள் இயந்திரத்தின் கையேட்டை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

பஞ்சு சேரும் வலைப்பையை வாரந்தோறும் கழுவுகிறோம். நீர் நுழையும் குழாயின் வாயிலுள்ள சிறு வலையில் மணல் அடைத்தால் தொட்டி நிரம்ப வெகு நேரமாகும். தண்ணீர்க் குழாயை மூடி, மின்செருகியைப் பிடுங்கிவிட்டு அதையும் துலக்க வேண்டும். தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் துணி திணிப்பதில்லை. துவைத்து முடிந்ததும் உள்ளே காற்றுப் புக மூடியைத் திறந்தே வைக்கிறோம். எங்கள் வீட்டுப் பூனைக்கு மட்டும் இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. அதனால் துணி போடுமுன் உள்ளே எட்டிப் பார்ப்பது தம்பியின் பொறுப்பு.

மூன்று மாதம் கழித்துப் பாட்டி அதே வாளிச் சோதனையை மறுபடி செய்தார். ஓரத்தில் சில குமிழிகள் மட்டுமே மிதந்தன. தம்பியின் கழுத்தும் ஆறிவிட்டது. ஆற்றியது களிம்பா, குறைந்த சலவைத்தூளா என்று அம்மாவும் பாட்டியும் இன்னும் வாதிடுகிறார்கள். பாட்டி தம் சேலைகளை மட்டும் இன்றும் இயந்திரத்தில் போட விடுவதில்லை.